அன்பார்ந்த பாப்பாவுக்கு ஓர் அறிவிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதுவதற்காக என் மகளிடம் போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஓர் ஆட்டுக்குட்டி தொப்பி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறது. பதினெட்டாவது தடவையாகப் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வீடியோ காட்டலாமா என்று கதை எழுத உட்கார்ந்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்டால், இல்லைதான். எழுத ஒரு மணி நேரம் வேண்டும். அதை அந்த ஆடுதான் தருகிறது.

கதை கிடைத்தது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில். டீக்கடையில் பக்கத்தில் நின்ற மைக்செட்காரர் ஒருவர் சொன்னார்: "என் கொரலு சுத்துப்பட்டு பூரா தெரியும் சார். என் பொண்ணுக்குத்தான் தெரியாது." அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அம்சவள்ளி போனைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்." அடிக்க மாட்டாள். வீட்டில் இருப்பது ஒரே போன். அவள் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு மாடல் வருவதும் அதில்தான்.

"இன்றைய அவசர உலகில் குழந்தைகள் திரைக்கு அடிமையாகி..." இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

தமிழழகன் வீட்டில் பேச மாட்டான். கோபமெல்லாம் இல்லை. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிறவன் அவன். சாவா, கூழ் ஊற்றுகிற திருவிழாவா, காணாமல் போன மாடா, எல்லாம் அவன் தொண்டையில்தான் ஏறும். தொழிலுக்கு வேண்டிய தொண்டையை வீட்டில் செலவழிப்பானா? வந்ததும் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வாயைச் சாத்திக்கொள்வான். குழம்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவான். மனைவி அம்சவள்ளி தையல் மெஷினில் இருப்பாள். மெஷின் ஓடும்போது அவளும் பேசுவதில்லை. கொரோனாவில் பால்வாடி மூடிக் கிடந்தது. மகள் சுபஸ்ரீக்குப் போன்தான் பால்வாடி.

இரண்டரை வயதாகியும் சுபஸ்ரீ ஒரு வார்த்தை பேசவில்லை. இதுதான் கதை. மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

3

[இந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

சுபஸ்ரீ போனில் பார்ப்பதும் அதே ஆட்டுப் பாட்டைத்தான். அதைப் பற்றித் தமிழழகனுக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. அதைச் சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்தான்.

"இன்னா பாட்டு இது? மேளம் கம்ப்யூட்டர் மேளம். பாடுறது கொழந்தையே இல்ல, பெரிய பொம்பள மூக்கப் புடிச்சிக்கினு பாடுது. ரெண்டு நொடிக்கு ஒரு படம் மாறுது, நானே எண்ணிப் பாத்தேன். கண்ண இமைக்க வுடுதா அது?"

"எண்ணிப் பாத்த நேரத்துல புள்ளைய ஒரு வாட்டி தூக்கியிருக்கலாம் இல்ல?" என்றாள் அம்சவள்ளி. "அந்தப் பாட்டு இல்லன்னா ஒரு ஜாக்கெட் கையி கூட தெச்சி முடிக்க முடியாது என்னால. அதுவாச்சும் அவள சிரிக்க வெக்கிது."

முதல் வரைவில் இந்தச் சண்டையில் தமிழழகனை ஜெயிக்க வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்த சத்தத்திலேயே புரிந்துவிட்டது. மாற்றினேன். ஆட்டைக் கண்டதும் சுபஸ்ரீ எழுந்து நின்று கைதட்டுவாள், இடுப்பை ஆட்டுவாள், சரியான இடத்தில் தொப்பியைக் கழற்றுவாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கதைதான் பொய்.

4

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா காதைச் சோதித்தார், நாக்கைச் சோதித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. வீட்ல இவகிட்ட யார் பேசுவீங்க?"

அம்சவள்ளி கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"போனைக் குறைங்க. பேசுங்க. மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

பேச வேண்டும், சரி. எப்படி? ஊரையே கூப்பிட்டுப் பேசுகிறவனுக்கு ஒரு குழந்தையிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தான். ஆட்டோவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மெமரி கார்டில் தன் குரலைப் பதிவு செய்தான். தான் வெளியே போனாலும் குட்டி ஸ்பீக்கரில் அது ஓடும், பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளும் என்பது திட்டம்.*

* சிரிக்காதீர்கள். அவன் அன்பு அவனுக்குத் தெரிந்த வழியில்தான் வரும்.

5

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். ஊர் ஊராகத் திரண்டு வி.ஏ.ஓ. ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிமலை ரோட்டில், மலை ஏறுவதற்கு முன் வரும் ஓர் ஊரில் தமிழழகனுக்கு வேலை, கோஷத்தைக் கார்டில் பதிந்து வைத்து ஓட விடுவது. மனு அவன் தெருவுக்கானது, அவன் சாதிக்கானது இல்லை. அவன் வெறும் மைக்செட். அதனால் வழக்கத்தைவிட ஜாக்கிரதையாகவே இருந்தான். அம்சவள்ளிக்குக் கல்யாண ஜாக்கெட் அவசரம், எனவே சுபஸ்ரீயும் ஆட்டோவில்.

முந்நூறு பேர். கொடிகள். பின்னால் கரியாலூர் பஸ் நகர முடியாமல் நின்றது. கூட்டத்தை நடத்தி வந்து முன்னால் நின்ற பொன்னுரங்கம் கையைத் தூக்கினார்: "போடுப்பா!"

தமிழழகன் கார்டைச் சொருகிப் போட்டான்.

"அன்பார்ந்த சுபஸ்ரீ பாப்பாவுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு! இது என்ன? சொல்லு பாப்பா! இது தண்ணி! மீண்டும் அறிவிக்கிறோம், இது தண்ணி! அடுத்து, இது என்ன? இது சோறு! தவறாமல் உண்டு பயனடையுமாறு..."

கூட்டம் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தது. பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். தமிழழகன் பதறியதில் செட்டை அணைக்கவே மறந்துவிட்டான். பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாயா இது, நக்கலா?"

"ஐயோ இல்லீங்க. எம் பொண்ணு பேச மாட்டேங்குதுங்க. அதுக்குப் பேசி வெச்சது. கார்டு மாறிப் போச்சிங்க."

[முதல் வரைவில் பொன்னுரங்கம் கையை ஓங்கினார். அப்படிப்பட்ட நாட்களும் உண்டு. ஆனால் ஆட்டோவுக்குள் இருந்த பிள்ளையை எட்டிப் பார்க்க வைத்ததும் அவர் கை ஓங்க மறுத்துவிட்டது. நான் என்ன செய்ய?]

"எத்தினி வயசு?"

"ரெண்டரைங்க."

"மொதல்ல புள்ளைய பாரு. கோஷத்த நாங்க வாயாலயே போட்டுக்கிறோம்." திரும்பிப் போய்க் கத்தத் தொடங்கினார்.

சுபஸ்ரீ மேலே குழாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். குரல் அங்கிருந்து வருகிறது, வாய் இங்கே மூடியிருக்கிறது. அவளுக்கு இது சரியாகப் படவில்லை. அவன் மடியில் ஏறி, இரண்டு கை விரல்களாலும் அவன் உதட்டைப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மேலே குழாய் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது: இது என்ன? சொல்லு பாப்பா! கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனது. அந்த ஆடும் இப்படித்தான், கேள்வி கேட்கும், பதிலுக்கு நிற்காது. தான் இத்தனை நாள் திட்டிய பாட்டைத்தான் தானும் செய்து வைத்திருக்கிறோம் என்று தமிழழகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செட்டை அணைத்தான். பாட்டிலை எடுத்துக் காட்டினான்.

"இது இன்னா பாப்பா?"

மைக் இல்லாமல் அவன் குரல் ரொம்பச் சின்னது. அவனுக்கே அது புதுசு. கேட்டுவிட்டு நிறுத்தினான். அறிவிப்புக்காரனுக்கு நிறுத்துவதுதான் கஷ்டம். நிறுத்தினான்.

6

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி அடித்தேன். ஒன்றில் அவள் "தண்ணி" என்கிறாள், முந்நூறு பேரும் கைதட்டுகிறார்கள். கைதட்டல் கேட்டதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. இன்னொன்றில் அவள் எதுவும் சொல்லாமல் பாட்டிலைப் பிடுங்கிக் குடிக்கிறாள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் என் மனம் ஒப்பவில்லை.

பிறகு யோசித்தேன். இவ்வளவும் எழுதிவிட்டு, அந்தக் குழந்தை வாய் திறப்பதற்கு முன் நானே பதிலைச் சொல்லிவிட்டால் எனக்கும் அந்தக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது வார்த்தையை அல்ல, கொஞ்சம் பொறுமையை.

கூட்டம் ஆபீசுக்குள் நகர்கிறது. பஸ் டிரைவர் வழி கேட்டு ஹாரன் அடிக்கிறார். தமிழழகன் திரும்பிப் பார்க்கவில்லை. சுபஸ்ரீ அவன் உதட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இப்போது அவள் உதடுதான் குவிகிறது.

. . . . . . . . . . . . . . . . . . . .