சலோமி போட்ட ஆட்சேபணை

எழில்மதியின் பேரைக் கேட்டாலே சலோமிக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். காரைக்காலில் அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து ஊரான தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ஏ.ஐ. தமிழில் சொல்லும் பதில்களைப் படித்து மார்க் போடுகிறவள் சலோமி. மரியாதையாகப் பேசுகிறதா, யார் மனதையாவது புண்படுத்துகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எழில்மதி நேற்று முளைத்தவள். சேர்ந்து எட்டு மாதம். ஆனால் மேலாளர் டைட்டஸ் வாயைத் திறந்தால் எழில்மதி, எழில்மதி! இப்போது ஒரே ஒரு தலைமைச் சரிபார்ப்பாளர் வேலை வந்திருக்கிறது. அதுவும் அவளுக்கே போய்விடும் போலிருந்தது.

அந்த வாரம் இருவருக்கும் ஒரே உரையாடல் வந்தது. வாடகைக்கு வீடு தேடும் ஒருவர், தன் ஊர் விழிதியூர் என்கிறார். "அப்படீங்களா, ரொம்ப சந்தோஷம்! விழிதியூர்ல எந்தத் தெருங்க?" என்று கேட்கிறது ஏ.ஐ. பாசமாகப் பேசுகிறது என்று சலோமி பத்துக்குப் பத்து போட்டாள். எழில்மதி முட்டை போட்டிருந்தாள்.

மாட்டினாயடி! சலோமி அன்றைக்கே அந்த மார்க்கை எதிர்த்து ஆட்சேபணை எழுதிப் போட்டாள். டைட்டஸ் இருவரையும் கூப்பிட்டார்.

"ஊரைச் சொன்னா தெருவைக் கேக்குறது நம்ம பழக்கந்தானே சார்? இதுல என்ன தப்பு?" என்றாள் சலோமி.

"தெருவைக் கேட்டா சாதியைக் கேட்ட மாதிரிதான்க்கா," என்றாள் எழில்மதி. பிறகு டைட்டஸிடம், "வீடு தேடுறவங்ககிட்ட மெஷின் அதைக் கேக்கலாமா சார்? நான் இங்க சேந்த அன்னிக்கு என்கிட்டயும் ஒருத்தங்க கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

டைட்டஸ் நிமிர்ந்தார். "யாரு கேட்டது?"

கேட்டது சலோமிதான். கேட்டதையே மறந்துபோயிருந்தாள். எழில்மதி தெருவைச் சொன்னதும், தான் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பேரு வேணாம் சார்," என்றாள் எழில்மதி.

சொல்லித் தொலைத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். இந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா?

"ஆட்சேபணைய எடுத்துடுறேன் சார்," என்றாள் சலோமி. அந்த வேலை இனி தனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். எழில்மதி ஒரு தடவைகூட அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.