கறுப்பு வண்டியைச் சொன்னவன்

யூஜினுக்கு ரெட்டியார்பாளையத்தில் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. வெளிநாட்டுக் கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். அவன் சரி என்றால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் திரும்பிவிடுவார்கள். அக்கா வெரோனிகாவின் கணவர் ஜோசப் ஆனந்தும் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவனைக் கூட்டிக்கொண்டுதான் புரோக்கர் ராஜ்கமலிடம் போனார். வெரோனிகாவும் கூட வந்தாள்.

அங்கே இரண்டு ஜெர்மன் கார்கள் நின்றன. கறுப்பு, பதினேழு வருஷம் ஓடிய பெரிய வண்டி. வெள்ளை, சின்ன மாடல், ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டையும் யூஜின் கடலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தான்.

வெள்ளை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பலாம். பள்ளத்தில் இறங்கி ஏறியதுகூடக் கைக்குத் தெரியவில்லை. வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

கறுப்பில் ஸ்டியரிங் கனத்தது. தார் மாறுகிற இடம்கூட உள்ளங்கையில் தெரிந்தது. வளைவுகளில் வண்டி சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. திரும்ப வேண்டிய இடத்தை மறந்து நோணாங்குப்பம் தாண்டிப் போய்விட்டான்.

"மாமா, இது கெட்டுப்போனா நானே பிரிச்சி சரிபண்ணிடுவேன். வெள்ளைல எல்லாமே கம்ப்யூட்டர். ஒரு சென்சார் போனா ரோட்டுலயே நின்னுடும்" என்றான்.

பின்சீட்டிலிருந்து வெரோனிகா கேட்டாள். "எது கெட்டுப்போவும்னு நான் கேக்கல தம்பி. எங்கனா மோதினா எது ஆளக் காப்பாத்தும்?"

"பழச நல்ல கெட்டியா செஞ்சிருக்கான்க்கா. ஏர்பேக்கும் இருக்குது."

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். கறுப்பில் அது எரியவேயில்லை. அதை யூஜின் பார்த்திருந்தான். பல்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஷெட்டிலிருந்து கோளாறு காட்டும் ஸ்கேனரைக் கொண்டுவந்து மாட்டினால் தெரிந்துவிடும். ஆனால் மாமா அதற்குள் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். யூஜினுக்கும் அந்த வண்டி வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று இருந்தது. விளக்கைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. மாமா கறுப்பையே வாங்கினார்.

நான்கு மாதம் கழித்து, அரியாங்குப்பத்தைத் தாண்டி, முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. ஜோசப் ஆனந்த் பிரேக்கை மிதித்தும் வண்டி போய் மோதியது. பெரிய வேகமில்லை. கதவுகளைக்கூடச் சுலபமாகத் திறக்க முடிந்தது. பெல்ட்டும் போட்டிருந்தார். ஏர்பேக் மட்டும் விரியவில்லை. மார்பில் அடி என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் யூஜின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஏட்டு பக்கத்தில் நிற்க, கறுப்பு வண்டியின் ஸ்டியரிங் நடுவிலிருந்த மூடியைக் கழற்றினான். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் மடித்துத் திணித்த ஸ்பாஞ்ச் இருந்தது. முன்பு எப்போதோ அடிபட்டு ஏர்பேக் வெடித்த வண்டி. யாரோ மேலுக்கு மூடி, விளக்கையும் பிடுங்கிவிட்டு விற்றிருக்கிறார்கள்.  ஏட்டு தோளைத் தொட்ட பிறகுதான் யூஜின் சீட்டிலிருந்து இறங்கினான்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"வெளக்கு எரியலன்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. பல்புன்னு நெனச்சேன்."

"நான் கேட்டனே."

வெரோனிகா வாசலைக் காட்டினாள்.

"எழுந்து போ யூஜின்."

மாமாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அவன் மாதா கோயிலின் கடைசி வரிசையில் நின்றான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது கார் பார்க்கக் கூப்பிட்டால் இப்போது வேறு ஆளைக் கைகாட்டிவிடுகிறான்.

இரண்டு மாதம் போனது. ஒரு காலை ஷெட் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வெரோனிகா உள்ளே வந்தாள். கையில் வக்கீல் எழுதிக் கொடுத்த காகிதம்.

"ராஜ்கமல் மேல கேஸ் குடுக்கறேன். வெளக்கு எரியாததப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

"நீ பேசாம வுட்டதையும்?"

"அதையும் சொல்றேன்."

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருக்கா" என்றான்.

"ஆட்டோ நிக்குது" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெரோனிகா நடந்தாள்.