இடது பக்கம் மலை

அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: கேமராவோடு சிந்துஜா, லேப்டாப்போடு ஷோயப், நடிப்பதற்குச் சகாதேவன். மூவரும் திருவண்ணாமலைக்காரர்கள், காலேஜில் விஸ்காம் படிப்பு, கடைசி வருடம். கூடவே ஷோயபின் அப்பா கடையிலிருந்து வந்த பச்சைத் துணி, சுவர் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. சகாதேவனின் அம்மா மணியம்மாள் அங்கே இல்லை. அவள் வேங்கிக்கால் வீட்டில் இருந்தாள், மகன் மலை சுற்றிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பில்.

மகன் அரியரையெல்லாம் முடித்துவிட்டால் பௌர்ணமிக்கு அவனை மலை சுற்ற வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டான். மாவு மில்லில் வருஷக்கணக்காக நின்று அவளுக்கு முட்டி போயிருந்தது; அதிகம் நடந்தால் படுத்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அவளும் கூட வந்திருப்பாள். போன பௌர்ணமிக்கு அவன் காய்ச்சல் என்றான். இந்தப் பௌர்ணமிக்கு "போறேம்மா" என்று கிளம்பி, நேராக இங்கே வந்து நின்றான். வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடக்கச் சோம்பல். அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

காலேஜுக்காக அவர்கள் எடுக்கப்போகும் படம், கிரிவலக் கூட்டத்தில் அண்ணனைத் தொலைத்தவன் ஒருவனைப் பற்றியது. அந்த நெரிசலில் ஆளை நிறுத்தி எடுக்க முடியாது. அதனால் சிந்துஜா போன மாதமே கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலைக்குப் போய், பாதையையும் மலையையும் மட்டும் தனியாக எடுத்து வந்திருந்தாள். கூட்டம் மங்கலான தலைகளாக அதில் தெரிந்தது. துணிக்கு முன்னால் சகாதேவன் நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும்; பச்சை தெரிகிற இடத்திலெல்லாம் ஷோயப் லேப்டாப்பில் மலையைச் சேர்த்துவிடுவான். இடுப்புக்கு மேலேதான் ஃபிரேம். ஷூவைக் கூட அவன் கழற்றவில்லை.

முதல் டெஸ்டில் துணியின் சுருக்கமெல்லாம் மலைமேல் கறுப்புக் கோடாக விழுந்தது. துணியை அயர்ன் பண்ணினார்கள். அடுத்ததில் அவன் முகத்தில் பச்சை ஏறியிருந்தது.

"காது ரெண்டும் கீரைக்கட்டு மாரி இருக்குதுடா," என்றாள் சிந்துஜா. "துணிய ஒட்டிக்கினு நிக்காத, முன்னால வா."

முன்னால் வந்தான். இப்போது வெளிச்சம் ஒத்துப்போகவில்லை. அவன் முகத்தில் லைட் ஒரு பக்கமிருந்து விழுந்தது, மலைமேல் வெயில் மறுபக்கமிருந்து. லைட்டை நகர்த்த ஒயர் எட்டவில்லை.

"இதுக்கு இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்? பின்னால இருக்கறத எடம் வலமா ஃபிளிப் பண்ணிட்டாப் போச்சு," என்றான் ஷோயப். ஒரு பட்டனைத் தட்டினான். அச்சாகப் பொருந்திவிட்டது. மூவரும் படத்தைப் பெரிதாக்கி முடியின் ஓரத்தைப் பார்த்தார்கள். பச்சை எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை.

"எங்கம்மாவுக்கே அனுப்பறேன்," என்றான் சகாதேவன். "அவங்க நம்பிட்டா சாருங்க எல்லாம் நம்பிடுவாங்க."

"டேய், பாவம்டா அவங்க."

அனுப்பிவிட்டான். 'நடந்துக்கினே இருக்கேம்மா' என்று கீழே எழுதினான். ஷோயப் சிரித்தான். உடனே போன் வந்தது. இன்னும் சிரிக்கலாம் என்று சகாதேவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சகா, மலை ஏன்டா உன் எடது கை பக்கம் இருக்குது?"

மூவரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து தினமும் பல் விளக்கும்போது பார்க்கிற மலை. சுற்றுகிறவனுக்கு அது வலது கைப் பக்கம்தான் இருக்கும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"எல்லாரும் வலமாப் போவாங்க, நீ எதிர்ல வர்றியா? ஒருத்தரும் சொல்லலயா?"

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவன் வேறு வாக்கியம் சொன்னான். "கூட்டத்துல திரும்பிட்டேன் போலம்மா. தெரியல."

"ஐயோ, வேண்டுதல்டா அது. சரி, பயப்படாத. ஊட்டுக்கு வந்துடு. நான் பாத்துக்கறேன்."

சிந்துஜா கேமராவை மூடினாள். ஷோயப் அவன் முகத்தைப் பார்க்காமல் பைக் சாவியை நீட்டினான்.

வழியெல்லாம் வெறுங்கால் ஜனம். ஹாரன் அடித்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஒதுங்கி வழிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் ஹாரன் அடிக்கவில்லை.

மணியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முட்டியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். செருப்பு உள்ளே இருந்தது.

"வந்துட்டியா? தெரியாமப் பண்ணதுக்குச் சாமி ஒண்ணும் பண்ணாது. நான் போயி நேரா ஒரு சுத்து சுத்திட்டா சரியாப் பூடும். சோறு எடுத்து வெச்சிருக்கேன், துன்னு."

"ஆட்டோல சுத்திட்டு வாயேம்மா."

"போடா, ஆட்டோல சுத்தணுமாம்." சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்து எழுந்தாள். முதல் அடியிலேயே முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள்.

"நான் போவவே இல்லம்மா," என்றான். "அது ரூம்ல எடுத்தது. பின்னால துணிதான். மலைய அப்புறம் சேர்த்தோம். தப்பாத் திருப்பிட்டோம்."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. பிறகு அவன் காலைப் பார்த்தாள். ஷூ பளபளவென்றிருந்தது.

"நான் அழுதேன்டா," என்றாள். "அத பாத்துட்டு."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டு அறை விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவள் எதுவும் செய்யவில்லை.

"கழட்டு."

கழற்றினான். குனிய முடியாமல் குனிந்து ஷூவை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவனும் பின்னாலேயே படியேறினான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"மலை வலது கை பக்கம் இருக்கணும்," என்றாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாதென்று பூட்டில் சாவியும் திரும்பியது.