எட்டாம் பக்கத்து இடது கை

பல் டாக்டரின் வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் ஏசி. அந்த அறையில் மனிதர்கள் யாரும் படுப்பதில்லை. நாற்பத்தோரு பழைய காமிக்ஸ் புத்தகங்கள்தான் அங்கே சுகமாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், மேல்மூலையில் மதிப்பெண்ணோடு.

மதிப்பெண் போடுவதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது. புத்தகத்தை அனுப்பினால், கையுறை மாட்டிய ஆட்கள் பக்கம் பக்கமாகப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, இனி எவரும் திறக்க முடியாதபடி உறைக்குள் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். உறையை உடைத்தால் மதிப்பெண் போயிற்று. மதிப்பெண் போனால் அது வெறும் பழைய காகிதம். டாக்டரின் உயிர் ‘காந்தக்கையன்’ முதல் இதழில் இருந்தது. ஒன்பது புள்ளி நான்கு. அதற்காகக் காரை விற்றவர், அன்று முதல் பேருந்தில் நின்றுகொண்டே கிளினிக்குக்குப் போய்வந்தார், முகத்தில் தனிப் பெருமையோடு.

அவர் மனைவி பள்ளிக்கூட நூலகர். ஒருநாள் அந்த அறை வாசலில் நின்று கேட்டாள்.

“ஏங்க, இதுல கதை என்ன?”

“காந்தக்கையனோட வலது கையில காந்தம் இருக்கு. இரும்பையெல்லாம் இழுத்துடுவான்.”

“அது அட்டையிலயே தெரியுதே. உள்ள என்ன நடக்குது?”

“உள்ள... கெட்டவங்களை அழிக்கிறான்.”

“யாரு அந்தக் கெட்டவங்க?”

டாக்டர் துடைக்கும் துணியைத் தேட ஆரம்பித்தார்.

அவரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் டயர்க்கடைக்காரர். கடைக்கு மேல்மாடியில்தான் கூட்டம். ஒன்பது பேரிடமும் ஆளுக்கொரு காந்தக்கையன் முதல் இதழ், எல்லாம் உறைக்குள். யாருடையது எத்தனை புள்ளி என்பதுதான் அங்கே நடக்கும் இலக்கிய விவாதம்.

அந்தத் தலைவர்தான் ஒரு பெரிய காரியம் செய்தார். காந்தக்கையனை வரைந்த ஓவியர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அதுவும் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, பாராட்டுக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர். காமிக்ஸ் கம்பெனி மூடிய பிறகு, மிக்சி, மின்விசிறிப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் தாளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். ‘இங்கே விரலை விடாதீர்’ என்று ஒரு கை இருக்குமே, அது அவர் கைதான்.

“இருபத்தாறு வருஷம் கை மட்டுமே வரைஞ்சேன். ஒருத்தன்கூட கேடயம் குடுக்கல” என்று பேச்சை ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சட்டென்று கேட்டார்: “முதல் இதழ்ல அந்த எட்டாம் பக்கத்தைப் பாத்து நல்லா சிரிச்சிருப்பீங்களே?”

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாதுகாப்பாகச் சிரித்தார்கள்.

“அவசரத்துல ரெண்டு கையையும் இடது கையாப் போட்டுத் தொலைச்சிட்டேன். காந்தமே இல்லாத காந்தக்கையன்! முந்நூறு பிரதி அடிச்ச பிறகுதான் அச்சுக்கூடத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. மெஷினை நிறுத்தித் திருத்தினோம்.”

சிரிப்பு அப்படியே நின்றது. பிழையோடு வந்த முந்நூறில் ஒன்று என்றால் அதன் விலை வீடு வாங்கும் விலை. இல்லையென்றால் பழைய விலை. எது என்று தெரிய எட்டாம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். கேடயத்தை ஓவியர் கையில் திணித்துவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

டாக்டருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டில் ‘காலை, மதியம், இடது’ என்று எழுதினார். வியாழக்கிழமை மதியம், கிளினிக் கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் வைத்தார். படத்தில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பிகள் மட்டும் பளிச்சென்று விழுந்தன. நர்ஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“வேர் ரெண்டும் நல்லாயிருக்கு டாக்டர். சொத்தை எதுவும் இல்லை.”

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தார். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, முகமூடி போட்டு, பல் ராவும் கருவியால் உறையின் ஓரத்தை அறுத்தார். மனைவி விளக்கைப் பிடித்தாள். உறை இரண்டாகப் பிளந்தது. எட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

ஓர் இடது கை. ஒரு வலது கை. கடவுள் மனிதனுக்குக் கொடுத்த மாதிரியே.

டாக்டர் முகமூடியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாலாம் பக்கத்தில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆறாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஏங்க, வில்லன் யாரு தெரியுமா?”

“யாரா இருந்தா எனக்கென்ன?”

“பல் டாக்டர்!”

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். உண்மைதான். ஊரில் எல்லோருக்கும் இரும்புப் பல் கட்டி, அதன் வழியாக அவர்களை ஆட்டிவைக்கும் கொடியவன். வழுக்கைத் தலை, வெள்ளைக் கோட்டு. கடைசியில் காந்தக்கையன் கையை நீட்ட, ஊரே பல் கொட்டி விடுதலை அடைகிறது. பதினோரு வருஷமாக ஏசி போட்டுத் தாலாட்டிய புத்தகம் தன் தொழிலையே இப்படி நாறடித்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளே பிரிந்த புத்தகத்தோடு ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“எதுக்குய்யா பல் டாக்டரைப் போட்டீங்க?”

“அந்த வாரம் எனக்குப் பல்வலி” என்றார் ஓவியர் சாவதானமாக. புத்தகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. “அட, நாப்பது வருஷமா எங்கிட்ட ஒரு பிரதிகூட இல்லை. குடுங்க, குடுங்க.” எச்சில் தொட்டு எட்டாம் பக்கத்தைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார். “சரியாத்தானே இருக்கு. ஓ... அந்த ரெண்டு இடது கை நாலாவது இதழ்லயோ என்னவோ.”

“என்னவோவா? ஏழு பேர் உடைச்சிட்டாங்கய்யா! என்னோட எட்டு!”

“நான் பாத்தீங்களான்னுதானே கேட்டேன்? நீங்கதான் சிரிச்சீங்க.”

ஒன்பதாவது ஆள் டயர்க்கடைத் தலைவர். பயத்தில் உடைக்காமல் வைத்திருந்தார். ஊரிலேயே ஒட்டுப் பிரியாத ஒரே பிரதி இப்போது அவருடையது. அன்று காலைதான் கடை வாசலில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஓவியர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தான் வரைந்ததைத் தானே முதல்முறை பார்ப்பவர்போல் மெல்லப் படித்துக்கொண்டு போனார். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் நின்றார். “சே, இந்த முழங்கை தப்பு” என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டாக்டர் தடுப்பதற்குள் புத்தகத்திலேயே ஒரு கோடு இழுத்தார்.

டாக்டர் பதறிக் கையை நீட்டினார். பிறகு குனிந்து பார்த்தார். கை நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, அந்த வில்லனோட பல்லும் தப்பு. மேல்வரிசையில கோரைப்பல் ரெண்டுதான். நீங்க ஆறு போட்டிருக்கீங்க.”

“வில்லனாச்சே. அதான்.”

“வில்லனா இருந்தா என்ன? படிச்ச டாக்டர். தன் பல்லையாவது ஒழுங்கா வச்சிருப்பான்.”

ஓவியர் யோசித்தார். “அதுவும் நியாயம்தான்” என்று மேஜை விளக்கைத் திருப்பினார். “எங்க, வாயைத் திறங்க. பாத்து வரையறேன்.”

டாக்டர் வாயைத் திறந்தார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா” என்றார் ஓவியர்.