பத்துமணிச் சக்கரை

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறதா, மூன்று வருஷமா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. சேதுலட்சுமி ஒன்று சொல்கிறாள், அவள் புருஷன் சோணைமுத்து இன்னொன்று சொல்கிறான். அவர்கள் சொன்னதோடு நானாகச் சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் கலந்திருக்கலாம். எது முன்னே, எது பின்னே என்பதில் பிசகு இருந்தால் இருக்கட்டும். அவள் எதற்குப் பயந்தாள், எதற்கு மசியவில்லை என்பதில் பிசகு இருக்காது.

சாயல்குடிக்குத் தெற்கே, கடல்காற்று அடிக்கிற பனங்காட்டுக்குள் அவர்களுடைய விடிலி இருந்தது. விடிலி என்றால் பதனீர் காய்ச்சுவதற்கென்று போட்ட ஓலைக் கொட்டகை. சோணைமுத்து பனையேறிப் பதனீர் இறக்குவான். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது சேதுலட்சுமி. பாகை எப்போது இறக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்வது அவள் நாக்குதான். பாகு கிளறுகிற துடுப்பில் தொங்குகிற சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாள். பிறகு, "இறக்குங்க" என்பாள். ஒரு சட்டி காய்ந்து முடிவதற்குள் எத்தனை சொட்டு உள்ளே போகிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் பதனீர்ப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சக்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் அதற்கு முந்தின கட்டத்தில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி மூன்று. மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டைத் திருத்துங்கள், சாப்பிட்டதும் நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

சேதுலட்சுமி அங்கிருந்து நேராக அக்கா பூமயில் வீட்டுக்குப் போனாள். சக்கரை முற்றி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட அக்காவின் இடது காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, புதுசாப் பாக்குற மாதிரி பாக்குற? காலு மொளைக்கும்னு பாக்குறியா?" என்றாள் பூமயில். கருப்பட்டி சக்கரைக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லியே, கால் போகிறவரைக்கும் கருப்பட்டிக் காப்பியை விடாதவள் அவள்.

மகள் மாரிச்செல்வி ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அந்த வாரமே சக்கரை பார்க்கிற மெஷினோடு வந்து இறங்கிவிட்டாள். ஊசியை எப்படிக் குத்துவது, மெஷினில் செருகுகிற பட்டையில் ரத்தச் சொட்டை எப்படித் தொடுவது, கையைக் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். காலையில் வெறும் வயிற்றில் ஒருதரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பத்துமணிக்கு ஒருதரம். பத்துமணிக்கு நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

"ஆனா இதெல்லாம் சும்மாம்மா. நீ எங்கூட வந்துரு. பெரியம்மாவப் புண்ணு கட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சது நாந்தான். இன்னொரு ஆளத் தூக்க என்னால ஏலாது. அடுப்புக்கிட்ட இருந்தா நீ நக்காம இருக்கமாட்ட."

"நக்குறேங்காத. பதம் பாக்குறேன்."

"எப்படிச் சொன்னாலும் உள்ள போறது ஒண்ணுதான."

மகள் பஸ்ஸுக்குக் கிளம்பி எழுந்தபோதுதான் சேதுலட்சுமி சொன்னாள்:

"இந்தப் பருவம் முடியட்டும். ராம்நாட்டுக்கு வந்து ரத்தம் குடுக்கேன். கொறஞ்சிருந்தா நான் இங்கன. கொறையலன்னா உங்கூட வந்துருறேன், அப்பறம் துடுப்பத் தொடமாட்டேன்."

மறுநாளே காப்பியில் கருப்பட்டி போடுவதை நிறுத்தினாள். மூன்று வேளைச் சோறு ஒருவேளை ஆனது. அதுவும் ஒரு கரண்டி. தட்டில் பாதிக்குக் கொத்தவரங்காயோ முருங்கைக்கீரையோ, பக்கத்தில் சாளைமீன் குழம்பு. கேப்பைக்கூழ் குடித்தால் ஏறாது என்று ஊரே சொன்னதை நம்பி ஒரு செம்பு குடித்துவிட்டுப் பார்த்தாள். சோற்றுக்கு ஏறுகிற மாதிரியே ஏறியது. அப்படியா என்று அதையும் அரைச் செம்பாக்கிவிட்டுத் தொட்டுக்கொள்ள அவித்த பயறு வைத்துக்கொண்டாள். யார் சொன்னாலும் சரி, குத்திப் பார்த்தபிறகுதான் நம்புவது என்று ஆகிவிட்டது. சாப்பிட்டதும் பனங்காட்டைச் சுற்றி ஒரு நடை. "ரோந்து கெளம்பிட்டாங்க" என்பான் சோணைமுத்து.

காலைச் சக்கரை மெல்ல இறங்கியது. பத்துமணிச் சக்கரையும் நூற்று எழுபதிலிருந்து நூற்று ஐம்பது பக்கம் வந்தது. அப்போதுதான் பனை சுரக்கத் தொடங்கி, விடிலியில் அடுப்பு மூட்டினார்கள்.

நாக்கில் வைக்காமல் பாகு காய்ச்சுவது அவளுக்குப் புதிது. முதல் சட்டி கருகிப்போனது. அடுப்போரம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகுச் சொட்டை அதில் விட்டு, எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். இளகினால் இன்னும் காய வேண்டும், உருண்டால் பதம். ஆயுசுக்கும் நாக்கை நம்பியவள் விரலை நம்பக் கற்றுக்கொண்டாள். ஒரு சொட்டுகூட வாய்க்குப் போகவில்லை.

ஆனால் பத்துமணிச் சக்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

மெஷினைத் தட்டிவிட்டு மறுநாள் பார்த்தாள். இருநூற்று எண்பது. அதற்கு அடுத்த நாள் மறுபடி முந்நூறுக்கு மேல். வழக்கம்போல அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். போன் உடனே வந்தது.

"அம்மா, மறைக்காமச் சொல்லு. பாக தொட்டு வாயில வைக்கியா?"

"இல்ல."

"அடுப்பு மூட்டாத வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? மூட்டுன அன்னைலேருந்துதான ஏறுது?"

"இல்லேன்னா இல்லதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சோணைமுத்து சட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பழக்கதோசத்துல கை தன்னால வாய்க்குப் போயிருக்கும். தெரிஞ்சா செய்வ?" என்றான் ஆறுதலாக. அந்த ஆறுதல்தான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அதன்பிறகு காலைச் சாப்பாட்டையே குறைத்தாள். மோர் மட்டும் குடித்தாள். அப்படியும் பத்துமணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு. ஒருநாள் அடுப்பு வெக்கையில் கண் இருட்டி, சட்டியின் மேலேயே சாயப் பார்த்தவளைச் சோணைமுத்து இழுத்துப் பிடித்தான். சேதி மகளுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாரிச்செல்வி வந்தாள். வந்ததும் வீட்டுக்குள் போய் அம்மாவின் சேலைகளைப் பையில் அடைத்துக்கொண்டு, அந்தப் பையோடு விடிலிக்கு வந்தாள்.

"பருவம் முடியட்டும்னு சொன்னியே, முடியிற வரைக்கும் நீ இருக்கணும்ல? கெளம்பு."

சேதுலட்சுமி சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கச் சொன்னாள். சோணைமுத்து இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றினான். வேலை முடிந்ததும் சேதுலட்சுமி அடுப்போரத்துச் சிரட்டைத் தண்ணீரில் விரலை அலசி, முந்தானையில் துடைத்து, மகளிடம் நீட்டினாள். "நீயே பாரு."

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இப்ப என்ன சொல்ற?"

சோணைமுத்து அதே தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்தான். "எனக்கும் ஒண்ணு பாரு, ஆத்தா. காலம்பறேருந்து பச்சத்தண்ணி இறங்கல எனக்கு."

"ஊசிக்குப் பயப்படுவீங்களே அய்யா."

"அம்புட்டு ஒசரம் ஏறுறேன், ஊசிக்கா பயப்படுவேன்?" என்றவன், அவள் புது ஊசியை மாட்டியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முந்நூற்று நாற்பது.

"ஏத்தா! எனக்குமா? காலு போயிருமா? காலில்லாம எப்படி மரம் ஏறுறது?" உட்கார்ந்தே விட்டான். மாரிச்செல்வி அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். ஓலைக்குச்சி மாதிரி இருக்கிற மனுஷன், வெறும் வயிறு, முந்நூற்று நாற்பது.

சேதுலட்சுமி அந்தச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. உள்ளேயும் பத்துப் பதினைந்து மிதந்தன. பிறகு மெஷினைப் பார்த்தாள். தன் பெருவிரல் அழுத்துகிற பொத்தானின் மேல் ஓர் எறும்பு நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து வீட்டுக்கு நடந்தாள். டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். துவைத்த துண்டில் துடைத்தாள். திரும்பி வந்து வேறு விரலை நீட்டினாள்.

"இப்பப் பாரு."

நூற்று நாற்பத்தொன்று.

மாரிச்செல்வி அந்த எண்ணைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "கையக் கழுவிட்டுப் பாருன்னு சொன்னேன்ல?"

"கழுவித்தான் பாத்தேன், அதுல." சிரட்டையைக் காட்டினாள். காலையிலிருந்து பாகுச் சொட்டு விட்டு விட்டுச் சர்பத்தாகிப்போன தண்ணீர். ரத்தத்தோடு சேர்ந்து விரலில் ஒட்டிய பாகும் பட்டையில் ஏறியிருக்கிறது. வாயில் வைக்கக் கூடாதென்று விரலால் உருட்டத் தொடங்கியதுதான் வினையாகிவிட்டது.

சோணைமுத்துவும் ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தொண்ணூற்றைந்து. "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல! உனக்கும் ஒண்ணுமில்ல! தூக்கிக் கடாசு இந்த மிசின. அநியாயமா இத்தன நாளும் கருப்பட்டியில்லாம காப்பி குடிச்சோமே! இந்தா, ரெண்டு பேருக்கும் கருப்பட்டி போட்டுக் காப்பி போடு."

அந்தக் காப்பியை அவள் குடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மகள்கூடத் தலையாட்டியிருப்பாள். சேதுலட்சுமி துடுப்பை எடுத்துச் சாய்த்து வைத்தாள்.

"காலம்பற குளிச்சிட்டு வந்து பாக்கேன். அதுல பாகு ஏது? அது நூத்திப் பத்துல நிக்கி. அது பொய்யில்ல. உங்களுக்கு வேணும்னா நீங்க குடிங்க."

மாரிச்செல்வி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய், சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். கிளம்பும்போது மட்டும், "காலைல மோர மட்டும் குடிச்சிட்டு அடுப்புல நிக்காத. ரெண்டு முட்டையாச்சும் அவிச்சுத் தின்னு," என்றாள். மன்னிப்புக் கேள் என்று சேதுலட்சுமியும் சொல்லவில்லை.

மிச்சப் பருவம் முழுக்க அவள் அப்படியே இருந்தாள். பக்கத்துத் தோட்டத்து வீரலட்சுமி, ஒரு கல்யாண வீட்டில் இவள் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு, "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது மதினி" என்றபோது, இலையை மடித்துவிட்டு எழுந்தாள். ஊர் அதைத் திமிர் என்றது. பத்துமணிக்கு அடுப்பைச் சோணைமுத்துவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போய்க் கை கழுவிப் பார்த்துவிட்டு வருவாள். நூற்று நாற்பதுக்குக் கீழே வராத நாளில், முந்தின வேளை என்ன தின்றோம் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு யோசிப்பாள்.

பனை சுரப்பு அடங்கியதும் ராமநாதபுரம் போய் ரத்தம் கொடுத்தாள். சாயங்காலம் மாரிச்செல்வி தாளோடு வந்தாள். ஐந்து புள்ளி எட்டு.

"இன்னும் முழுசா வெளிய வரலம்மா. ஓரத்துலதான் நிக்குது."

"கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு."

"சாயல்குடி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

மாரிச்செல்வி பஸ் நிலையம்வரை கூட வந்தாள்.

பூமயில் அந்த ஐப்பசியில் இறந்துபோனாள். சோணைமுத்துவுக்கு முழங்கால் வலி வந்து, இப்போது பாதி மரம்தான் ஏறுகிறான். மாரிச்செல்வி அதே மருந்துக்கடையில் இருக்கிறாள். கை கழுவிவிட்டுப் பார்த்தீர்களா என்று மெஷின் வாங்க வருகிறவர்களை ஒன்றுக்கு இரண்டுதரம் கேட்கிறாள். சேதுலட்சுமிக்கு நடுவில் ஒருதரம் ஆறுக்கு மேல் ஏறி, மறுபடி இறங்கியது. மாத்திரை இல்லை. இந்தப் பருவத்திலும் கருப்பட்டி காய்ச்சினாள்.