மருந்து உரைத்த கல்

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாகலெட்சுமியோடு பேச உட்கார்ந்தால், சுற்றி வளைத்தாவது பேச்சு அவளுடைய கல்லில் வந்து நிற்கும். ஆற்றில் துணி துவைக்கும்போது அகப்பட்ட கறுப்புக் கல் அது. உள்ளங்கையளவுதான், ஆனால் இரும்பாய்க் கனக்கும். கத்தியால் கீறினாலும் கோடு விழாது. உடைந்த பக்கம் தார் போல மினுங்கும். இப்படியொரு கல்லை யார்தான் விட்டுவிட்டு வருவார்கள்? மகள் லோஜினிக்கு வசம்பும் ஜாதிக்காயும் அதில்தான் உரைத்து நாக்கில் தடவினாள். பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. அந்தப் பெருமையும் கல்லுக்கே போனது.

அன்று கொழும்பிலிருந்து ஆற்று மண்ணைப் பரிசோதிக்க வந்த மதுரன், கையில் ஒரு கருவியோடு லயத்து வழியே நடந்தான். நாகலெட்சுமியின் வாசலில் அது கடுகு பொரிவதுபோல் சத்தமிடத் தொடங்கியது. அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். கல்லுக்கு அருகில் கொண்டுபோனதும் கருவி ஓயாமல் இரைந்தது.

கல்லில் தோரியம், யுரேனியம் என்ற அரிய உலோகங்கள் இருக்க வேண்டும் என்றான். கண்ணுக்குத் தெரியாத கதிர் வருமாம். அதன் தூள் உடம்புக்குள் போவதுதான் பெரிய ஆபத்தாம். இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

நாகலெட்சுமி மகளைத் தூக்கி நீட்டினாள்.

“இவ மேல வச்சுப் பாருங்க தம்பி.”

கல்லை விட்டுத் தள்ளி, முற்றத்தில் வைத்துப் பார்த்தான்; கருவி அடங்கித்தான் இருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளே போயிருப்பதை இது காட்டாது, உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றான் மதுரன். கெட்டியான கல், கொஞ்சமாகத்தான் தேய்ந்திருக்கும் என்றும் சொன்னான். அந்தக் கொஞ்சம்தான் அவள் காதில் நின்றது.

“வேற புள்ளைகளுக்கும் குடுத்தீங்களாக்கா?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் அவளே கல்லைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பிரேமினி மட்டும், உரைமருந்து கொடுக்கக் கூடாதென்று கிளினிக்கில் சொன்னதாக மறுத்தாள். பெரிய படிப்பாளி என்று அவளை ஏசி, நாகலெட்சுமியே உரைத்து, தன் விரலாலேயே அந்தப் பச்சைப்பிள்ளையின் நாக்கில் தடவிவிட்டு வந்திருந்தாள்.

சத்தம் கேட்டு பிரேமினி கைப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். என்னக்கா என்றாள்.

நாகலெட்சுமி அந்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“புள்ளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வா பிரேமினி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் குடுத்த மருந்தாலதான்.”