முருகம்மாள் சொன்னதாகச் சொன்னது

தாடையைக் கட்டியிருந்த துணி மறுபடியும் நழுவி, முருகம்மாளின் வாய் திறந்துகொண்டது. "இறுக்கிக் கட்டுட்டி, ஈ போவுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முத்துமாரி அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, முடிச்சை உச்சியில் இழுத்துப் போட்டாள்.

தாராவியில் அந்தச் சந்துக்குள் நாலு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "மகராசி, பூவும் பொட்டுமா போயிட்டா." மகராசியாம்! இடுப்புக்குக் கீழே விழுந்துபோன புருஷனைக் காலையில் குளிப்பாட்ட, மூலையில் தண்ணீர் போகும் மோரிக்குத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மகராசி. திரைக்குப் பின்னால் படுக்கையில் கிடந்த பிரம்மநாயகம் அதற்கப்புறம் இரண்டு தடவை டீ கேட்டுவிட்டார்.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் பிணத்தை எடுக்க முடியாது. முருகம்மாளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அம்பர்நாத்திலிருந்து தங்கச்சி கோமதியம்மாள்தான் சேலை கொண்டுவர வேண்டும். ரயில் ஏறிவிட்டாள் என்று தகவல் வந்திருந்தது.

அவளுக்கு முன்னால் ருஜுதா வந்துவிட்டாள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். முத்துமாரி அவளை எதிர்பார்க்கவில்லை. இந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிவர முடியாது என்று அவளிடம் போனில் சொல்லப்போய், காரணத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தூக்கம் வரவில்லை என்று போன முருகம்மாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் செம்பூரில் ஒரு டிரஸ்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மனக்குறையைக் கேட்கும் கவுன்சிலர்தான் ருஜுதா. மராட்டிக்காரப் பெண். முருகம்மாளுக்கோ காய்கறி வாங்குமளவு இந்திதான். அதனால் இந்தப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பேச்சை இந்தப் பக்கமும் மாற்றிச் சொல்ல முத்துமாரி கூடப் போனாள்.

முதல் நாள் ருஜுதா சொன்னாள்: "நான் புத்தி சொல்ல மாட்டேன். எதைப் பேசுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அம்மாதான் முடிவு செய்வார். நான் புரிந்துகொண்டது தப்பென்றால் அவரே திருத்தலாம். இரண்டு பேரும் சேர்ந்துதான் வழி தேடுவோம்."

அதை மட்டும் முத்துமாரி அப்படியே சொன்னாள். முருகம்மாள் அந்தப் பெண்ணை வாயைப் பிளந்து பார்த்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டதும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"என்னால இனிமே அந்த மனுசனுக்குச் செய்ய முடியாது தாயி. சோத்துத் தட்ட மூஞ்சில எறியுதாரு. அம்பர்நாத்துல தங்கச்சிகூடப் போயி இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

முத்துமாரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அம்மா போய்விட்டால் அப்பாவுக்கு மூத்திரச் சட்டி பிடிப்பது யார்? வேறு பிள்ளை கிடையாது. வேலையை விட வேண்டும். புருஷன் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும். "தங்கச்சி ஞாபகமாகவே இருக்கிறதாம், அதனால்தான் தூக்கம் வரவில்லையாம்" என்றாள் இந்தியில்.

ருஜுதா அதை அக்கறையாகத் திருப்பிச் சொல்லி, "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேட்டாள்.

முத்துமாரி அம்மா பக்கம் திரும்பினாள். "பொறுத்துப் போங்க, எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதாவம்மா."

முருகம்மாள் மெல்லத் தலையாட்டினாள். ருஜுதாவுக்குத் திருப்தி.

புத்தி சொல்லவே மாட்டேன் என்றவளின் புத்திமதி வாராவாரம் வந்துகொண்டிருந்தது. முருகம்மாளும் வாராவாரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். கடைசி வாரங்களில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

கோமதியம்மாள் வந்ததும் சந்தே அதிர்ந்தது. மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து ஓய்ந்தவள், தொண்டை மட்டும் ஓயவில்லை. கோடிச்சேலையை அக்காவின் மேல் விரித்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது எதிரே புது முகம்.

"யாருட்டி இது?"

"செம்பூர் மேடம், சித்தி."

"நீதானா அது?" கோமதியம்மாள் எழுந்தே விட்டாள். "கூட்டிட்டுப் போவ வந்தேனே! 'படிச்ச பொண்ணே பொறுத்துப் போன்னு சொல்லுது, நான் எப்படி வருவேன்'னு நின்னுட்டாளே எங்கக்கா! நீ வெளங்குவியா? ஒன் வாயி புழுத்துப் போவாதா?"

ருஜுதா மிரண்டுபோய் முத்துமாரியைப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?"

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றாள் முத்துமாரி இந்தியில். "அக்காவுக்கு நீங்கள்தான் ஆறுதலாக இருந்தீர்களாம்."

ருஜுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதியம்மாளைப் பார்த்துக் கைகூப்பி இந்தியிலேயே சொன்னாள். "நான் ஒன்றுமே சொன்னதில்லை ஆன்ட்டி. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எப்போதும் உங்கள் ஞாபகம்தான் அவருக்கு. கடைசியில் பேச்சே தேவைப்படவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தார்."

கோமதியம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. கம்பெனியில் சூப்பர்வைசரிடமும் யூனியன்காரனிடமும் சண்டை போட்டுச் சண்டை போட்டே இந்தி பழகியவள் அவள். பொய் சொல்லிப் பழகிய முத்துமாரிக்கு அது இப்போதுதான் உறைத்தது.

சித்தி முத்துமாரியைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அங்கயும் இப்படித்தான் சொன்னியாட்டி?"

முத்துமாரி கோடிச்சேலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். திரைக்குப் பின்னாலிருந்து பிரம்மநாயகம் கத்தினார். "ஏ மூதி! எங்க போயித் தொலஞ்ச? ஈரத்துல கெடக்கேன்!"

பொண்டாட்டியைக் கூப்பிடும் கூப்பாடு அது. வாசலில் ஒருவரும் அசையவில்லை.

"போ" என்றாள் கோமதியம்மாள். "ஒன்னத்தான் கூப்பிடுதாரு."

முத்துமாரி உள்ளே போனாள். நனைந்த வேட்டியை உருவிப் போட்டுவிட்டு அவரைப் புரட்டினாள். இவ்வளவு கனமா இந்த மனுஷன்! வெளியே சித்தி, அக்கா உண்மையில் கேட்டது என்ன என்று ருஜுதாவுக்கு இந்தியில், நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாட்டி" என்றார் அப்பா. "ஒங்கம்மை இப்படி வலிக்கப் பொரட்ட மாட்டா."

முத்துமாரி அவர் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து இன்னொரு தடவை தூக்கினாள்.